பனியில் நிற்பவரும் புங்கமரத்தடியில் நின்றவரும்

பெண்ணாடம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு மேசை, ஒரு பீரோ, சுவரில் அண்ணல் படம், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கல்லூரி மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே வாசிப்பு வட்டத்துக்கு வருவார்கள். சென்ற மழைக்காலத்தில் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலை எடுத்துக்கொண்டோம். பாதிப் பேர் ரஷ்யப் பெயர்களைக் கண்டு ஓடிப் போனார்கள். மீதிப் பேர் பிடிவாதமாக வந்தார்கள்.

அந்த நாவலின் மூன்றாம் புத்தகத்தில் ஓர் ஓவியத்தைப் பற்றிய பேச்சு வருகிறது. உண்மையிலேயே இருக்கிற ஓவியம்தான் என்று தெரிந்ததும் ஒரு மாணவர் செல்பேசியில் தேடி எடுத்தார். செல்பேசி கை மாறிக் கை மாறிச் சுற்றியது. குளிர்காலக் காடு. பாதையில் தன்னந்தனியாக ஒரு விவசாயி. கிழிந்த மேலங்கி, மரநார்ச் செருப்பு. கண் திறந்திருக்கிறது, ஆனால் அவர் எதைப் பார்க்கிறாரோ அது படத்தில் இல்லை. வரலாறு இரண்டாமாண்டு படிக்கும் மாணவி, "நம்ம பெரியப்பா மாதிரியே நிக்கிறாரு" என்றார்.

எங்களில் ஐந்து பேருக்கு எந்தப் பெரியப்பா என்று உடனே தெரிந்தது. தெரியாதவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெரியப்பாவுக்கு நாங்கள் செய்த தவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். அதற்கு முன் ஓவியத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைந்தவர் இவான் கிராம்ஸ்கோய். 1837-இல் ஒரு சிறு நகரத்து எழுத்தரின் வீட்டில் பிறந்தவர். இளம் வயதில் புகைப்படக்காரர் ஒருவரிடம் படங்களுக்கு மெருகேற்றும் வேலை பார்த்தவர். பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் அரசரின் கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1863-இல் தங்கப் பதக்கப் போட்டிக்கு வட ஐரோப்பியப் புராணத்திலிருந்து தேவர்களின் விருந்து என்று ஒரு தலைப்பைக் கொடுத்தார்கள். கிராம்ஸ்கோயும் தோழர்களுமாக 14 மாணவர்கள், எங்கள் கருப்பொருளை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம் என்று கேட்டார்கள். முடியாது என்றார்கள். பதக்கமும் வேண்டாம், கழகமும் வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டார்கள். (இந்த இடத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் கைதட்டல் கேட்டது. தேர்வுக் கட்டணப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம்.) 1870-இல் தொடங்கிய பயணக் கண்காட்சி ஓவியர்கள் சங்கத்தில் அவர் முன்னணியில் இருந்தார். தலைநகரத்து மாளிகைகளில் மாட்டிக்கிடந்த கலையை ஊர் ஊராக எடுத்துப் போன இயக்கம் அது.

நாங்கள் பார்த்த ஓவியம் 1876-இல் வரைந்தது. இன்று குண்டு விழும் கீவ் நகரத்து அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. ரஷ்யாவில் பண்ணையடிமை முறையை ஒழித்துச் சாசனம் வந்தது 1861-இல். அப்படியானால் இந்த விவசாயி சட்டப்படி விடுதலையாகிப் பதினைந்து வருடம் ஆகிறது. விடுதலை எப்படிப்பட்டது? இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பண்ணையாட்களுக்கு நிலம் கொடுத்தார்கள், ஆனால் விலைக்கு. அந்த விலையை 49 வருடத் தவணையில் அரசுக்குக் கட்ட வேண்டும். ஊர்ச் சபை அனுமதிச் சீட்டு கொடுக்காமல் ஊரைவிட்டுப் போக முடியாது. 1892-இல் பஞ்சமி நிலம் என்று ஒன்று நமக்கு ஒதுக்கப்பட்டது. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த விடுதலையை விளக்கத் தேவையில்லை.

ஓவியத்தின் பெயரைத் தமிழில் என்ன சொல்வது என்பதில் அன்று ஒரு சண்டை நடந்தது. 'சிந்தனையாளர்' என்றார் ஒருவர். 'தியானிப்பவர்' என்றார் இன்னொருவர். தியானம் என்றதும் புலித்தோல் ஞாபகம் வருகிறது, வேண்டாம் என்று தள்ளினோம். ரஷ்யச் சொல்லின் வேரில் இருப்பது பார்த்தல். பார்த்துக்கொண்டே அதில் ஆழ்ந்து போகிறவர். ஒரே சொல்லில் எங்களுக்குப் பிடிபடவில்லை. 'பார்த்து நிற்பவர்' என்று வைத்துக்கொண்டோம்.

தஸ்தயேவ்ஸ்கி இந்தப் படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்? இந்த மனிதர் யோசிப்பதுபோல் தெரிகிறார், ஆனால் யோசிக்கவில்லை, வெறுமனே ஆழ்ந்திருக்கிறார் என்கிறார். தோளைத் தொட்டால் தூக்கத்திலிருந்து எழுந்தவர்போலத் திடுக்கிடுவார். என்ன நினைத்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் மனதில் பட்டதையெல்லாம் உள்ளே சேர்த்து வைத்துக்கொள்வார். எதற்காகச் சேர்க்கிறார் என்று அவருக்கே தெரியாது. வருடக்கணக்கில் சேர்த்து ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜெருசலேமுக்கு யாத்திரை போகலாம். சொந்த ஊரைக் கொளுத்திவிடவும் செய்யலாம். இரண்டையும் சேர்த்தே செய்யலாம். மக்களுக்குள் இப்படிப்பட்டவர்கள் நிறைய என்றும் சொல்கிறார்.

அபாரமான பகுதி. முதல் வாசிப்பில் எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது வாசிப்பில் ஒரு மாணவர் கேட்டார்: "அவரு யோசிக்கலன்னு இவருக்கு யாரு சொன்னா?"

இந்தப் பேச்சு நாவலில் யாரையொட்டி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்மெர்தியாக்கோவ். வீட்டுச் சமையல்காரர். அந்த வீட்டு முதலாளிக்குத் தெருவில் அலைந்த ஓர் ஏழைப் பெண்ணிடம் பிறந்தவர் என்று ஊரே பேசும், முதலாளி மகன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். தாயை ஊரார் 'நாற்றமடிப்பவள்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பட்டத்திலிருந்தே மகனுக்குக் குடும்பப் பெயரை வைத்தது அந்த முதலாளிதான். கூப்பிடும்போதெல்லாம் நாற்றம் என்று சொல்லும் ஒரு பெயர். எங்கள் பக்கத்துப் பழைய ஆவணங்களில் நம் முன்னோர்களுக்கு எழுதி வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தவர்கள் இந்த இடத்தை எளிதாகத் தாண்டிப் போக முடியாது. தஸ்தயேவ்ஸ்கி மகா கலைஞர்தான், அதில் எங்களுக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் மூன்று பிள்ளைகளின் மனதுக்குள்ளும் நுழைந்து நுழைந்து எழுதியவர், சமையற்கட்டில் இருந்த நாலாவது பிள்ளையிடம் வரும்போது வாசலிலேயே நின்று முகத்தைப் பார்த்து முடிவு சொல்கிறார். கடைசியில் கொலைப் பழியும் அவர் தலையில்தான் வந்து விழுகிறது.

ஒன்று யாத்திரை, இல்லாவிட்டால் தீ. இந்த இரண்டு வழியையும் படித்தபோது சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறொருவர் ஞாபகம் வராமல் இருக்குமா? கொள்ளிடக் கரை ஆதனூர் நந்தன். பெரிய புராணத்தில் அவர் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறவர். கோயிலுக்குள் போக முடியாதவர். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லித் திருநாளைப்போவார் என்றே பெயர் வாங்கியவர். தில்லை எல்லைக்கு வந்து உள்ளே போக முடியாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தவர். அவரும் பார்த்து நின்றவர்தான். வருடக்கணக்கில் உள்ளே சேர்த்து வைத்து ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பியவர்தான். ரஷ்யாவில் பண்ணையாட்களுக்கு விடுதலைச் சாசனம் வந்ததை ஒட்டிய வருடங்களில்தான் இங்கே கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைப் பாட்டாகக் கொண்டுவந்தார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியர் எசமானர் அதில் வருகிறார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். அனுமதிச் சீட்டு!

யாத்திரையும் தீயும் நந்தன் கதையில் சேர்ந்தே வருகின்றன. ஆனால் தஸ்தயேவ்ஸ்கி பயந்த தீ வேறு. பார்த்து நின்றவன் ஊரைக் கொளுத்திவிடுவான் என்பது அவருடைய பயம். இங்கே பார்த்து நின்றவரைத்தான் தீக்குள் இறங்கச் சொன்னார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். யார் கொளுத்தினார்கள் என்று பார்த்தவர்கள் இருந்தார்கள், சாட்சியும் சொன்னார்கள். உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. நூறு வருடமாக எழுத்தாளர்களும் கலெக்டர்களும் சேரி கொதித்து எழுந்து ஊரைக் கொளுத்திவிடுமோ என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். கணக்கெடுத்தால் எரிந்த கூரை எந்தப் பக்கத்துக் கூரை?

இன்னொன்றும் அன்று பேசினோம். தஸ்தயேவ்ஸ்கியின் பட்டியலில் பள்ளிக்கூடம் இல்லை. சாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தன் பெயரிலேயே பள்ளி தொடங்கினார். கோயில் வாசலில் நின்றவரின் பெயரை வகுப்பறை வாசலில் எழுதினார். எங்கள் குழுவில் ஒரு தோழரின் தாத்தா அங்கே விடுதியில் தங்கிப் படித்தவர். ஆனாலும் நாட்காட்டிப் படங்களில் நந்தன் இன்னும் கைகூப்பி அழுதுகொண்டுதான் நிற்கிறார். நிற்கிறவரை வரைகிறவர்களுக்கு அதுதான் வசதி.

சரி, இப்போது பெரியப்பா.

இரண்டு வருடங்களுக்கு முன், வெள்ளாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் அண்ணல் பிறந்தநாளுக்கு வைத்த பேனர் கிழிக்கப்பட்டு, அன்று இரவே காலனியில் இரண்டு குடிசையும் ஒரு வைக்கோல் போரும் எரிந்தன. வழக்கு நடப்பதால் ஊரைச் சொல்லவில்லை. மூன்றாவது நாள் உண்மை அறியும் குழுவாக நாங்கள் ஐந்து பேர் போனோம். எல்லோரும் படித்தவர்கள். சமூகவியல் முதுகலையில் களத்தில் எப்படி உற்றுநோக்க வேண்டும் என்று ஒரு முழுத் தாளே எழுதித் தேறியவர்கள். பாதிக்கப்பட்டவர் பெயர், வயது, இழப்பு மதிப்பு, நேரில் கண்ட சாட்சி என்று கட்டம் போட்ட படிவம் கையில் இருந்தது.

யார் பேசினார்களோ அவர்களிடம் பேசினோம். இளைஞர்கள் ஆவேசமாகப் பேசினார்கள். அம்மாக்கள் எரிந்த அரிசியை அள்ளிக் காட்டி அழுதார்கள். வார்டு உறுப்பினர் நிதானமாகத் தேதிவாரியாகச் சொன்னார். காலனியின் கடைசியில் அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம். அதன் அடியில் ஒரு பெரியவர், அறுபதைத் தாண்டியவர், கரும்பு வெட்டும் தொழிலாளி, தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் போனபோதும் நின்றார். மூன்று மணி நேரம் கழித்துக் கிளம்பியபோதும் அதே இடத்தில் நின்றார். எங்களோடு வந்த மாணவர் ஒருவர் அவரைப் படம் எடுத்தார். நல்ல படம். அறிக்கை அச்சாகும்போது அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, பின்னால் இருந்த கரும்புத் தோட்டத்தை இன்னும் இருட்டாக்கி, முதல் பக்கத்தில் போட்டோம். கிராம்ஸ்கோய் இளமையில் பார்த்த மெருகேற்றும் வேலைதான். படத்துக்குக் கீழே எழுதியது: 'அச்சத்தில் உறைந்து, பேச முடியாத நிலையில் ஒரு முதியவர்.' அவரிடம் அனுமதி கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

விருத்தாசலத்தில் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிக்கையை வெளியிட்டோம். எங்கள் படத்தைப் பலர் பகிர்ந்தார்கள். மனதைப் பிசைகிறது என்று எழுதினார்கள். எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டரை மாதம் கழித்து ஒரு காலையில் பெரியப்பா மாடிப்படி ஏறி வந்தார். கையில் நான்காக மடித்த அறிக்கை. ஒன்பதாவது படிக்கும் பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான். தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். பிறகு முதல் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தார்.

"ஏம் புள்ளைங்களா, நான் பயந்து நின்னன்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?"

எங்களுக்குப் பதில் வரவில்லை.

அவர் சொன்னார். அன்று இரவு தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர் மூன்று பேர் கரும்புத் தோட்டத்து வழியாக வந்ததைப் பார்த்திருக்கிறார். மூன்று பேரையும் அடையாளம் தெரியும், அவர்கள் அப்பன் வயலில் வேலை செய்தவர். ஓடும்போது வாய்க்காலில் ஒரு கேனும் ஒற்றைச் செருப்பும் விழுந்தன. அதை எடுக்க எப்படியும் வருவார்கள் என்று நினைத்திருக்கிறார். புங்கமரத்தடியில் நின்றால் வாய்க்காலும் தெரியும், ஊர்த்தெரு முனையும் தெரியும், ஆற்றுப்பாதையும் தெரியும். அதனால் மூன்று நாளும் அங்கேயே நின்றிருக்கிறார். சாப்பாட்டை மருமகள் அங்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். நாங்கள் படம் எடுத்த அன்று, நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், ஒரு பையன் வந்து வாய்க்காலில் தேடி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

"ஏன் பெரியப்பா எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே. படம் புடிச்சிட்டுப் போயிட்டீங்க. எழுதறவங்க வந்து கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தன்."

காவல் துறையும் அவரிடம் கேட்கவில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி விசாரித்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். அதைச் சரியாகச் செய்திருந்தார்கள், அந்த மூன்று பேரில் ஒருவர் பெயரும் இல்லாமல். மேல் விசாரணை கோரி மனு போட்டோம். அலைந்து அலைந்து பெரியப்பாவின் வாக்குமூலத்தைக் குற்றவியல் நடுவர் முன் பதிவு செய்ய வைத்தோம். 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு சாட்சிகளுக்குப் பயணப்படியும் பாதுகாப்பும் உண்டு என்கிறது. பயணப்படி வாங்கவே நான்கு மனு.

சிறப்பு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நடந்த அன்று நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு காகிதத்தை உயர்த்திக் காட்டினார். எங்கள் அறிக்கை. முதல் பக்கம். "அச்சத்தில் உறைந்து பேச முடியாத நிலையில் இருந்ததாக உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். நேரில் கண்ட சாட்சிகள் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. இரண்டரை மாதம் கழித்துத்தான் உங்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்ததா?"

பெரியப்பா கூண்டில் நின்றார். அதே நிற்றல். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அந்த மௌனத்தை அறையில் இருந்த ஒவ்வொருவரும் தன் விருப்பத்துக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். பிறகு சொன்னார்: "பேச முடியாம இல்லீங்க அய்யா. ஆரும் கேக்கல."

அது பதிவானது. அது போதுமா என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் வழக்கறிஞர் முகத்தைப் பார்த்தால் போதாது என்றுதான் தோன்றியது. மூன்று பேரில் ஒருவரைத்தான் கூடுதல் எதிரியாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு நாங்கள் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். முதல் நாள் கேமரா எடுத்துப் போவதில்லை. ஆவேசமாகப் பேசுகிறவர்களிடம் பேசி முடித்த பின் தெருமுனையில், மரத்தடியில், திண்ணையில் சும்மா இருக்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து, இங்கே எத்தனை நேரமாக இருக்கிறீர்கள், இங்கிருந்து என்னவெல்லாம் தெரிகிறது என்று கேட்கிறோம். பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. சிலர் சும்மாதான் நின்றிருப்பார்கள், அதற்கும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. படிவத்தில் 'மனநிலை' என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். புதிதாக வரும் மாணவர்கள் அந்தக் கட்டம் ஏன் இல்லை என்று கேட்பார்கள். அப்போது இந்தக் கதையைச் சொல்வோம். சொல்லும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

வாசிப்பு வட்டம் நடந்த அடுத்த வாரம் பெரியப்பா அலுவலகத்துக்கு வந்தார். அந்த மாணவி செல்பேசியில் ஓவியத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கண்ணாடியைத் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எந்த ஊரு இது?"

"ரஷ்யா பெரியப்பா. நூத்தம்பது வருசத்துக்கு முன்னால."

"இது என்னா, பஞ்சா?"

"பனி. ஐஸ் மாதிரி."

"கால்ல என்னா போட்டிருக்கான்?"

மரப்பட்டை நாரில் பின்னிய செருப்பு என்று சொன்னோம். தோல் வாங்க வசதி இருக்காது என்றோம்.

"வெரலெல்லாம் மரத்துப் போயிருக்குமே. இந்தக் குளிர்ல எதுக்கோ நிக்கிறான்" என்றார். செல்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த வாய்தா எந்தத் தேதி, விருத்தாசலம் வண்டிக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.